மேலேயா, கீழேயா

தோர்னிஷ்
4 மார்ச் 1918

அண்ணன் மகன் ஹெக்டருக்குச் சித்தப்பா முர்டோ கிலாண்டர்ஸ் சொல்ல, நம் ஊர்ப் பள்ளி ஆசிரியை மிஸ் ரபீனா நிக்கல்சன் எழுதுவது. இங்கே நானும் பசுவும் சுகம். பசுவுக்கு என்னைவிடப் பல் அதிகம். எடின்பரோவில் நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும்.

நீ கேட்டது எந்த வருஷம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கார்ட்டூமில் ஜெனரல் கார்டனைக் குத்திக் கொன்றார்கள் என்று சேதி வந்து, நம் பாதிரியார் பிரசங்க மேடையிலேயே அழுதாரே, அந்த வருஷம். அதே கோடையில் ஹெரிங் மீன் வராமல் வலைகள் காய்ந்தே கிடந்தன. அறுவடைக்கு முந்தின வாரம் என் இரண்டாவது மகள் பிறந்தாள். அந்த டிசம்பர் இரண்டாம் தேதி, புதன்கிழமை, எங்களைப் போன்ற குடிசைக்காரர்கள் முதல்முதலாக வோட்டுப் போட்டோம். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து.

நம் கெய்ர்ன்ஷயர் தொகுதியைக் கலைத்துப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்க்கிறார்கள், அதற்குள் அதன் தேர்தல் கதை முழுவதையும் புத்தகமாக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். அதற்கு முந்தின தேர்தலொன்றும் சொல்கிறேன், குறித்துக்கொள். அறுபத்தெட்டில் நடந்தது. என் அப்பாவுக்கு, அதாவது உன் தாத்தாவுக்கு, வோட்டு கிடையாது. பிரபுவின் காரியஸ்தருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். வோட்டு உள்ள குத்தகைக்காரர்கள் ஒவ்வொருவராகப் படியேறி, ஊர் கேட்க, தன் ஆள் யாரென்று வாயால் சொல்ல வேண்டும். காரியஸ்தர் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து எழுதவில்லை. சீவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அத்தனை பேரும் பிரபுவின் ஆளுக்கே சொன்னார்கள்.

எண்பத்தைந்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து வோட்டில் தோற்றோம். உனக்கே தெரியும்.

குளிர் விடும்வரை நெஞ்சுக்குக் கம்பளி கட்டிக்கொள்.
முர்டோ


எடின்பரோ
15 மார்ச் 1918

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம். மிஸ் நிக்கல்சனுக்கு என் நன்றி. பென்சில் சீவிய காரியஸ்தரை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் புத்தகத்தின் உயிரே எண்பத்தைந்துதான். அதை நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே. இரகசிய வோட்டு வந்த பிறகும், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு இரகசியம் கிடையாது. அவன் அதிகாரியிடம் வாயால்தான் சொல்ல வேண்டும். இரு கட்சி ஏஜெண்டுகளும் நின்று கேட்பார்கள். அதிகாரி தாளிலுள்ள பெயர்களை வாசித்துக் காட்டி, அவன் சொன்னதற்குக் குறி போடுவார். இந்த அநியாயத்தை உடைக்க, என் தந்தை லாக்லன் கிலாண்டர்ஸ், தோர்னிஷின் எழுத்தறியாத பதினோரு பேருக்கும் தாமே சிலுவைக்குறி போடப் பழக்கினார். நகர மக்களுக்கு இது தெரிய வேண்டும். அவர் எதைக்கொண்டு பழக்கினார், எங்கே, யார் யார் என்ன சொன்னார்கள், எல்லாம் வேண்டும்.

ஐந்து வோட்டில் தோற்றதற்குப் பக்கத்து ஆர்டெய்க் ஊர்க்காரர்கள் காரியஸ்தரின் விஸ்கிக்கு விலைபோனதே காரணம் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்களே, அதையும் பெயர் சொல்லியே எழுதப்போகிறேன். செப்டம்பரில் அச்சுக்குப் போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்பு மகன், ஹெக்டர்


தோர்னிஷ்
2 ஏப்ரல் 1918

மகனே ஹெக்டர்,

சுகம். பசு கன்று போட்டது. உன் சுகத்துக்கு எழுது.

கேட்டாய், சொல்கிறேன். இடம் உன் அப்பாவின் கொட்டகை. பலகை ஒரு ஹெரிங் பீப்பாயின் மூடி. அதில் கரிக்கட்டையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு என்று காட்டினார். காகிதத்தில் பெயர்கள் எழுத்து வரிசைப்படி வரும். பிரபுவின் ஆள் பெய்லி, அவர் மேலே. நம் ஆள் டாக்டர் மெல்லிஸ், அவர் கீழே. "கண்ண மூடிக்கிட்டுக் கீழ் வீட்டுக்குப் போங்கடா, உங்க வீட்டுக்குப் போற மாதிரி" என்றார். நாற்பது வயசு ஆண்கள் முழங்காலில் உட்கார்ந்து பீப்பாய் மூடியில் சிலுவை போட்டோம். நெசவுக்கார ஆங்கஸ் போட்டதைப் பார்த்து, "இது சிலுவையா, தவக்கள நசுங்கிக் கெடக்குதா?" என்று கேட்டார் உன் அப்பா. கொட்டகையே சிரித்தது. எழுத்துத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே வரவில்லை. அவர்களுக்கு அங்கே என்ன வேலை?

யூயன் மக்கிலவ்ரே மட்டும் முழங்கால் போடவில்லை. கதவில் சாய்ந்து நின்றான். "லாக்லன், நான் வாயாலயே சொல்லிடறேன்பா" என்றான்.

"பைத்தியமாடா? காரியஸ்தர் ஆளு பக்கத்துல நிப்பான். அடுத்த குத்தகைத் தவணைக்கு உன் கூரை இருக்காது."

"இருக்காதுதான். ஆனா நான் யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும்ல."

"எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்று நான்தான் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அப்படியே சொன்னான். டாக்டர் மெல்லிஸ் என்று, ஏஜெண்டுகள் முகத்துக்கு நேராக. மே மாதத் தவணைக்கு அவன் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அதற்கடுத்த மாதம்தான் குடியானவனை வெளியேற்றக்கூடாது என்று சட்டம் வந்தது. ஒரே மாதம்.

ஆர்டெய்க்காரர்களைப் பற்றி எழுதாதே. ஏன் என்று கேட்காதே. சித்தப்பா சொன்னார் என்று விட்டுவிடு.

முர்டோ


எடின்பரோ
20 ஏப்ரல் 1918

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

நலம். கன்று நன்றாக இருக்கிறதா?

கொட்டகைக் காட்சி அற்புதம். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்து இத்துடன் அனுப்புகிறேன். மிஸ் நிக்கல்சன் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். யூயன் மக்கிலவ்ரே ஊரை விட்டு அலைந்து, மனமுடைந்து இறந்தார் என்று முடித்திருக்கிறேன். வாசகருக்கு அந்த இடத்தில் அதுதான் பொருந்தும்.

ஆர்டெய்க் விஷயத்தில் உங்கள் இரக்கம் எனக்குப் புரியவில்லை. முப்பத்து மூன்று வருஷமாக நம் ஊர்ப் பெண்ணை அங்கே கொடுத்ததில்லை, அங்கிருந்து எடுத்ததில்லை. இந்த யுத்தத்தில் ஒரே கப்பலில் மூழ்கிய இரண்டு ஊர்ப் பையன்களின் பெயர்களை ஒரே கல்லில் வெட்டக்கூடாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் போன மாதம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளில் உங்கள் சிலுவையும் இருந்தது என்று கேள்விப்பட்டேன். பிறகு நான் எழுதினால் மட்டும் என்ன?

உங்கள் அன்பு மகன்,
ஹெக்டர்


தோர்னிஷ்
12 மே 1918

ஹெக்டர்,

சுகமாக இருக்கிறேன். பக்கத்தை மிஸ் நிக்கல்சன் இரண்டு தரம் படித்தாள். நன்றாக எழுதுகிறாய். உன் அப்பாவுக்கும் பேச்சு இப்படித்தான் வரும், கேட்கிறவன் வாய் பிளந்து நிற்பான்.

அந்தத் தாளில் என் சிலுவை இருந்தது உண்மை. எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார்கள், போட்டேன். எனக்கு அது பழக்கம்.

ஒன்று கேட்கிறேன். பெய்லி கடைசியில் நின்றாரா? நீ எழுதவில்லையே. கொட்டகையில் நாங்கள் பழகினது அக்டோபரில். நவம்பரில் பெய்லிக்கு ரத்த வாந்தி வந்து விலகிவிட்டார். பிரபு தன் மருமகனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெட்டர்பர்ன் என்று பெயர். எங்களுக்கு யாராக இருந்தால் என்ன, பிரபுவின் ஆள் பிரபுவின் ஆள்தான். எழுத்துகளுக்கு ஒரு வரிசை உண்டு, ஆள் மாறினால் வரிசையும் மாறும் என்பதெல்லாம் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. இருபத்தாறு எழுத்தை ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காதவனுக்கு அது எப்படித் தெரியும்?

நீ படித்தவன். அந்த இரண்டு பெயரையும் வரிசையில் வைத்துப் பார். பிறகு உன் பக்கத்தைப் படி.

முர்டோ


எடின்பரோ
30 மே 1918

சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

தேர்தல் அறிவிப்பின் பழைய பிரதியை நூலகத்தில் பார்த்தேன். மேலே மெல்லிஸ், கீழே வெட்டர்பர்ன். நீங்கள் சொல்வது சரி. வேட்பாளர் மாறியதும் என் தந்தை உங்கள் எல்லோருக்கும் அதைத் திருத்திச் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்ட கவனக்காரர். அந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுகிறேன்.

வேலை அதிகம். இத்துடன் நிறுத்துகிறேன்.
ஹெக்டர்


தோர்னிஷ்
3 ஜூலை 1918

மகனே ஹெக்டர்,

சேர்த்துவிடாதே.

இதை எழுத மிஸ் நிக்கல்சன் முதலில் தயங்கினாள். "இவ்வளவு காலம் கழிச்சு எதுக்குப் பெரியவரே?" என்றாள். காகிதத்தில் ஏறுகிறதே, அதற்குத்தான் என்றேன். வாயில் இருக்கிறவரை அது என்னோடு போய்விடும். புத்தகத்தில் ஏறினால் ஆர்டெய்க்காரன் பேரனும் படிப்பான்.

அன்றைக்கு வோட்டுச் சாவடி பள்ளிக்கூடம். பனிமழை. முதலில் யூயன் போனான். அவன் வாயால் சொல்ல வேண்டும் என்பதால் மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். திறந்ததும் அவன் வெளியே வந்து, வாசலில் நின்ற உன் அப்பாவின் தோளைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னான். உன் அப்பா தலையாட்டினார். காரியஸ்தரின் சேவகன் வந்து "உனக்குத்தான் முடிஞ்சுதே, கெளம்பு" என்று யூயனைச் சாலைவரை தள்ளிக்கொண்டு போனான்.

அடுத்தது நான். பீப்பாய் மூடி ஞாபகம் இருந்தும் வாசலில் நின்று கேட்டேன்: "லாக்லன், ஒரு தரம் சொல்லிடு. மேலேயா, கீழேயா?"

உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"கீழே" என்றார்.

கீழே போட்டேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேரும் கீழே போட்டார்கள். பத்துச் சிலுவை. ஐந்து வோட்டில் தோற்றோம். ஒரு பக்கத்தில் குறைந்தது இன்னொரு பக்கத்தில் கூடும், கணக்கு நீயே போட்டுக்கொள்.

பிப்ரவரியில் ஊசி நூல் விற்கிற மூட்டைக்காரன் ஒருவன் வந்தான். பள்ளிக்கூடக் கதவிலிருந்து காற்றில் பறந்த அறிவிப்புத் தாளை என் மனைவி உடைந்த சன்னலில் ஒட்டியிருந்தாள். வாசற்படியில் கஞ்சி குடித்துக்கொண்டே அவன் அதைப் படித்தான்: மெல்லிஸ், அப்புறம் வெட்டர்பர்ன். "இன்னொரு தரம் படி" என்றேன். "எத்தன தரம் படிச்சாலும் அதேதான் இருக்கும், ஐயா" என்று சிரித்தான்.

நேரே போனேன். உன் அப்பா கரிக்கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கீழேன்னு சொன்னியே" என்றேன்.

"சொன்னேன்."

"தெரிஞ்சா?"

அடுக்குவதை நிறுத்தவில்லை. "முர்டோ, உன் பொண்ணுங்க மீன் கொடல் எடுக்கப் போவாங்க. எடுக்கட்டும். என் பையன் போகமாட்டான். பிரபு பேர்ல பட்டணத்துப் பள்ளியில ஒரு எடம் இருக்கு. காரியஸ்தர் ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். என் பையன் படிப்பான். படிச்சு, உன்ன மாதிரி எவன் வாசல்லயும் நின்னு மேலேயா கீழேயான்னு கேக்கமாட்டான்."

அந்த இலையுதிர்காலத்தில் நீ பட்டணத்துக்குப் போனாய். புது பூட்ஸ் போட்டிருந்தாய். வண்டியிலிருந்து எனக்குக் கை காட்டினாய்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் அண்ணன் என்று பார்த்தேன். அப்புறம் யூயனைப் பார்த்து அதிகம் சிரித்தவன் நான் என்பது. அதற்குள் ஊர் ஆர்டெய்க்காரன்தான் என்று முடிவு கட்டிவிட்டது. எங்களுக்கு அது வசதி. சந்தையில் அவர்கள் நடந்து போனால் நானும் காறித் துப்பியிருக்கிறேன், ஹெக்டர். தெரிந்துகொண்டே துப்பியிருக்கிறேன். உன் அப்பா சாகும்வரை அதற்கப்புறம் நான் அவரோடு பேசியது வானிலை மட்டும்தான்.

எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றே. ஆர்டெய்க்காரன் விலைபோனான் என்ற வரி அச்சில் ஏறக்கூடாது. உன் அப்பா பெயரை எடுத்தாலும் சரி, வைத்தாலும் சரி, அது உன் பாடு.

நல்லபடி இரு.
முர்டோ


தோர்னிஷ் பள்ளி
9 செப்டம்பர் 1918

திரு. ஹெக்டர் கிலாண்டர்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். இதை முர்டோ பெரியவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஜூலையில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தினமும் காலையில் தபால் வண்டி வரும் நேரத்துக்குப் பள்ளிச் சுவரோரம் வந்து நிற்கிறார். எதற்கு நிற்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், "கன்னுக்குட்டிய தேடுறேன்" என்கிறார். கன்று அவர் பின்னாலேயே நிற்கிறது.

ஆகஸ்டில் மார்புச்சளி வந்து பத்து நாள் படுத்தார். இப்போது பரவாயில்லை. ஒரு வரியாவது எழுதுங்கள்.

ரபீனா நிக்கல்சன்


எடின்பரோ
21 அக்டோபர் 1918

திரு. முர்டோ கிலாண்டர்ஸ் அவர்களுக்கு,

உங்கள் ஜூலை மாதக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் தாமதமானதற்கு வேலைப்பளுவே காரணம்.

நான் வழக்கறிஞர். அந்த முறையிலேயே சொல்கிறேன். ஒரு மனிதர் இறந்து பத்தொன்பது வருஷம் கழித்து அவர்மேல் சுமத்தப்படும் குற்றம்; அதற்குச் சாட்சி அவரோடு மனக்கசப்பு கொண்ட ஒரே ஒருவர், அவரும் எழுத்தறியாதவர், எல்லாம் முப்பத்து மூன்று வருஷ ஞாபகம். எந்த நீதிமன்றமும் இதை ஏற்காது. என் கல்விக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதப்போவதில்லை.

வேட்பாளர் மாறிய வரியை எடுத்துவிட்டேன். மற்றபடி அத்தியாயம் முன்பு எழுதியபடியே இருக்கும், ஆர்டெய்க் உட்பட. காகிதத் தட்டுப்பாட்டால் அச்சு நவம்பர் நடுவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. டிசம்பரில் புதிய தொகுதிக்கான முதல் தேர்தலுக்குள் வெளிவந்தாக வேண்டும்.

அதற்குள் உங்கள் சொல்லை உறுதிப்படுத்த, அன்று அந்த வாசலில் நின்ற வேறு ஒருவர் உயிருடன் இருந்தால், பெயரும் விலாசமும் தரலாம். இல்லையென்றால் இந்த விஷயத்தை இதோடு முடித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
எச். எல். கிலாண்டர்ஸ்


தோர்னிஷ்
2 நவம்பர் 1918

ஹெக்டர்,

சாட்சி கேட்டாய். எழுதிக்கொள்.

நெசவுக்கார ஆங்கஸ், எண்பத்தொன்பதில், படகு கவிழ்ந்து. அவன் தம்பி ரோரி அதே படகில். கொல்லர் டஃபால்டு, விக்டோரியா ராணி போன அதே வாரம், சன்னியில். கிலாஸ்பி அண்ணன் தம்பி இருவரும் கனடா போனார்கள்; பெரியவன் கப்பலிலேயே, சின்னவன் மானிடோபாவில் குதிரை உதைத்து. இடையன் சோர்லி, காசநோய். கிழவன் பாரிக், வயசு. டோர்மட் இங்கே என் பக்கத்து வீட்டில்தான், போன புத்தாண்டு அன்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. நொண்டி மன்கோவைப் பைத்தியக்கார விடுதியில் வைத்திருந்தார்கள். மார்ச்சில் சேதி வந்தது, நான் உனக்கு முதல் கடிதம் எழுதச் சொன்ன மறுநாள். இது ஒன்பது. சிலுவை போட்டவர்களில் பத்தாவது நான், என்னை நீ தள்ளிவிட்டாய். குறி போட்ட அதிகாரி செத்தார். ஏஜெண்டுகள் இருவரும் செத்தார்கள். காரியஸ்தர் செத்தபோது மூன்று பாதிரியார்கள் ஜெபம் செய்தார்கள். உன் அப்பா எப்போது என்று உனக்கே தெரியும்.

இப்போது, வாயால் வோட்டுச் சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்று நீதான் எனக்கு எழுதினாய். அவன் படிக்கத் தெரியாதவன் என்பதால் அதிகாரி தாளைப் பிடித்து, மேலே யார், கீழே யார் என்று இரண்டு பெயரையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கேட்பார். எங்களில் அன்றைக்கு வரிசையைக் காதால் கேட்டவன் ஒருவன்தான். கேட்டுவிட்டு வெளியே வந்து உன் அப்பாவின் தோளைப் பிடித்தவனும் அவன்தான். காதில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் போய்க் கேட்டதில்லை. நாலு மைல் தூரம், முப்பத்து மூன்று வருஷம், போகவில்லை.

நீ உன் புத்தகத்தில் அவனைக் கொன்றுவிட்டாய். அழகாகத்தான் கொன்றிருக்கிறாய், மிஸ் நிக்கல்சன் படிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. ஆனால் கூரை பிரித்த அன்று, மழையில், மனைவியையும் கட்டிலையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு நம் ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. என் கதவும்தான். காரியஸ்தருக்குப் பயம். அவனைக் கூட்டிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தவர்கள் யார் தெரியுமா? நீ விலைபோனதாக அச்சடிக்கப்போகிறாயே, அவர்கள்தான்.

அச்சுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ரயில் இருக்கிறது, நிலையத்திலிருந்து வண்டி இருக்கிறது. உனக்கு எவனிடமும் வழி கேட்கத் தேவையில்லை, பலகையில் எழுதியிருக்கும், படித்துக்கொள்வாய். ஆர்டெய்க்கில், கடலை ஒட்டின கடைசி வீட்டில், எழுபத்தெட்டு வயசில், காது மட்டும் கொஞ்சம் மந்தமாக, இன்னும் உயிரோடு இருக்கிறான் யூயன் மக்கிலவ்ரே.